தாராபுரம் ரோட்டில் நீ பார்க்காத ஆள்

சாமி,

எந்தக் காகிதத்தை எடுத்தாலும் மேலே பிள்ளையார் சுழி போட்டு, 'முருகன் துணை' என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போவேன் என்பது உனக்குத் தெரியும். மளிகைச் சீட்டுக்குக்கூட அப்படித்தான். இந்தக் கடிதத்தில் அதை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். ஏன் என்பது படித்துக்கொண்டே போனால் உனக்கே புரியும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மணிக்கட்டு இன்னும் பழையபடி திரும்பவில்லை.

நேற்று இட்லி சாப்பிட்டுக்கொண்டே அப்பாவிடம் கேட்டாயே, "அப்பா, ஞாயித்துக்கெழமை வேனை எடுத்துக்கட்டுங்களா? நாங்க அஞ்சு பேரு வால்பாறை போய்ட்டு வந்தர்றோம்" என்று. அப்பா தட்டிலிருந்து நிமிரக்கூட இல்லை. "போய்ட்டு வா. மழை கிழை புடிச்சா மட்டும் பாத்து ஓட்டு" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது. நீ என் பக்கம் திரும்பி, "அம்மா, புளிச்சோறு கட்டிக் குடுத்துரு. பிரவீனு நீ பண்றதத்தான் கேக்கறான்" என்று சிரித்தாய். நான் சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மலை ரோட்டில் நான் பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் மேலிருந்து இறங்கும் பஸ் ரோடு முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். அந்த இடத்தில் எதிரே உன் வேன், உள்ளே பாட்டும் கூத்துமாக நாலு பையன்கள். தை மாதத்திலிருந்து உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அதைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொன்னால் நீ பாதியில் எழுந்து போவாய், இல்லையென்றால் நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று நான் சொல்லவரவில்லை. லைசென்ஸ் கைக்கு வந்த புதிதில் என்னை உட்கார வைத்து எத்தனை தடவை கோயிலுக்குக் கூட்டிப் போனாய்! ஏறியதும் "அம்மா, பெல்ட்டு" என்பாய். நம் தெருவுக்குள் திரும்புவதற்குக்கூட இண்டிகேட்டர் போடுவாய். எதிர்வீட்டு சுமதி அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, உங்க பையன் வண்டியில மாப்பிள்ளை அழைப்பாட்டப் போறானுங்களே, பின்னால மேளம் வருதுங்களா?" என்று கிண்டல் செய்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பிள்ளை நிதானஸ்தன் என்று நம் ஊர் நல்லூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் பார்த்ததெல்லாம் என்னை ஏற்றிக்கொண்டு போகும்போது நீ ஓட்டுவதைத்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் அம்மா இருந்தால் ஆக்சிலரேட்டரில் ஒரு கால், பின்னால் பிரவீன் இருந்தால் இன்னொரு கால். உன் காலுக்கு இரண்டு கனம் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

நம் வீட்டில் எது புதிதாக வந்தாலும் முதலாவது முருகனுக்கு. வீட்டோடு சேர்ந்த நம் பனியன் கம்பெனிக்குப் புதுத் தையல் மெஷின் இறங்கினால் அதில் தைக்கும் முதல் பனியனைப் பழனிக்குக் கொண்டுபோய், அடிவாரத்தில் ஏழை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வருவோம். உன் லைசென்ஸையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன். டெஸ்ட்டில் நீ தேறிவிட்டால் அந்தத் தை மாதம் பாதயாத்திரைக்கு வரும் வேனை நீயே ஓட்டுவாய் என்று வேண்டிக்கொண்டேன். உன்னிடம் கேட்கவில்லை. வருஷா வருஷம் அந்த வேனை ஓட்டுவது நம்மிடம் வேலை பார்க்கும் செல்வராஜ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், ஆனாலும் எங்கள் நடை முடியும்வரை வேனை விட்டு நகரமாட்டார். இந்த வருஷம் அவர் ஓய்வெடுக்கட்டும் என்றதும் அவர் தலையைச் சொறிந்தார். "யக்கா, கொஞ்ச தூரம் முன்னால போயி நிக்கணும், தண்ணி குடுக்கணும், பொறவு திரும்பி வந்து நடக்க மாட்டாதவங்களைத் தேடணும். நாள் பூரா இதேதான். எனக்கே எரிச்சலு வரும். சின்னப் பய தாங்குவானா?" என்றார். "அதெல்லாம் முருகன் பாத்துக்குவாருப்பா" என்றார் அப்பா. "அப்ப அவருகிட்ட லைசென்ஸ் இருக்கான்னு ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி" என்றார் செல்வராஜ். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பழனிக்கு நடக்கக் கிளம்பிய அன்று காலையில் எல்லாம் சரியாகத்தான் போனது. உன் பக்கத்தில் பெரிய மாமா உட்கார்ந்திருந்தார். நீ மெதுவாக முன்னால் போய் நிறுத்துவதும், வாழைப்பழமும் தண்ணீரும் எடுத்து வைப்பதும், "கால் வலிக்குதுங்களா அத்தை, ஏறிக்குங்க" என்று வயதானவர்களை ஏற்றிக்கொள்வதும் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமாவுக்குத் தானும் நடக்க வேண்டும் என்று ஆசை வந்து இறங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பிரவீனும் இன்னொரு பையனும் பைக்கில் வந்து, பைக்கை ஒரு டீக்கடையில் போட்டுவிட்டு வேனில் ஏறினார்கள். நல்லதுதான், துணைக்கு ஆள் இருக்கிறது என்று நினைத்தேன். துணை என்று நினைத்தேன் பார்.

பொழுது இறங்கும் நேரம். என் குதிகாலில் கொப்புளம் வந்து நான் பின்தங்கிவிட்டேன். சுமதி என்னோடு நின்றுகொண்டாள். மற்றவர்கள் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டார்கள். தண்ணீர் கேன் தீர்ந்து, நீ திருப்பூர்ப் பக்கமாகத் திரும்பிப் போயிருந்தாய். நாங்கள் ரோட்டின் இடது ஓரத்தில், தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் நடந்துகொண்டிருந்தோம். பின்னால் ஒரு லாரி சரக்கை ஏற்றிக்கொண்டு முக்கி முக்கி வரும் சத்தம். அதற்கும் பின்னால் நீட்டி நீட்டி ஒரு ஹார்ன். லாரி தன் பாட்டில் போகிறது, நமக்கென்ன என்று நடந்தோம். ஹார்ன் நிற்கவில்லை. அது லாரிக்குப் பின்னாலிருந்து வரவில்லை, எங்களுக்குப் பின்னாலிருந்து வருகிறது என்று எனக்கு உறைக்கும்போது மண்ணில் டயர் அரைபடும் சத்தம் காதுக்குள் கேட்டது. வலது பக்கம் வழி கிடைக்கவில்லை என்று யாரோ ஒருவன் இடது பக்கம் மண்ணில் இறக்கி லாரியை முந்திக்கொண்டு வருகிறான்.

சுமதி என் கையைப் பிடித்து இழுத்தாள். என் தோளில் தொங்கிய பையைக் கண்ணாடி தட்டிவிட்டுப் போனது. பையைத் தட்டியதற்கும் என்னைத் தட்டுவதற்கும் நடுவில் என்ன இடைவெளி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார். விழுகிற அந்த நொடியில் நான் வண்டிக்குள் பார்த்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். உன் முகம் ரோட்டைப் பார்க்கவில்லை. பின்சீட்டில் எதையோ வாங்குவதற்காகக் கையை நீட்டிக்கொண்டு திரும்பியிருந்தாய். நான் பெற்ற முகம், சாமி. நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய முகம். என்னைக் கடந்து போனது, என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த ரோட்டில் எங்களைப் போலப் பச்சைச் சேலை கட்டி நடந்தவர்கள் எத்தனையோ பேர். உனக்கு நான் அவர்களில் ஒருத்திகூட இல்லை. ஓரத்தில் கிடந்த ஒரு இடைஞ்சல்.

வேலிகாத்தான் முள்ளுக்குள் விழுந்து கிடந்தோம். மணிக்கட்டு உடைந்த வலி உடனே தெரியவில்லை. சுமதி எழுந்து நின்று தூசிக்குள் போய்க்கொண்டிருந்த வண்டியைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். "எவன்டா அவன், நாசமாப் போறவன்! இவனையெல்லாம் சொல்லிக் குத்தமில்லீங்க்கா, இவனப் பெத்து வண்டியக் குடுத்து உட்டிருக்கறா பாருங்க, அவளச் சொல்லோணும்!" என்றாள். பிறகு ஒரு கணம் நின்று, "ஏனுங்க்கா, நம்ம வண்டியாட்டவே இருந்துதுங்களே?" என்று கேட்டாள்.

"இல்ல சுமதி" என்றேன். "வெள்ளை வேனு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். வண்டி விசயத்த யாருகிட்டயும் சொல்லாத, வீட்டுல பயந்துக்குவாங்க."

அதன் பிறகு டிவிஎஸ்ஸில் வந்த ஒரு புண்ணியவான் என்னை ஏற்றிக்கொண்டுபோய் நீங்கள் நிற்கும் இடத்தில் இறக்கிவிட்டதும், நீ என் கையைப் பார்த்துப் பதறி ஓடி வந்ததும், தாராபுரம் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப் போனதும் உனக்கே தெரியும். அந்த வழி முழுக்க எனக்கு வலிக்கக் கூடாது என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் நின்று நின்று ஓட்டினாய். அப்படி ஓட்டத் தெரிந்தவன்தான் சற்று முன்னால் அப்படி வந்தவனும். எனக்கு இன்றுவரை விளங்காதது அதுதான். "எப்புடிம்மா உழுந்தே?" என்று கேட்டாய். "கல்லு தடுக்கிருச்சு சாமி" என்றேன். "பாத்து நடக்க மாட்டியா?" என்று கோபித்துக்கொண்டாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ ஒடிந்துபோவாய் என்று ஒரு பயம். பதினெட்டு வயதில் தாயை இடிக்கப் பார்த்தேன் என்கிற எண்ணம் ஒரு பையனை என்ன செய்யும் என்று ஒரு பயம். அது பாதிதான். இன்னொரு பாதி, ஊர் முழுக்க நிதானஸ்தன் என்று சொல்லித் திரிந்த வாயால் இதைச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் "கை மட்டுந்தானுங்களே, முருகன் காப்பாத்திட்டாரு" என்றார்கள். நானும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பழனிக்குப் பணம் அனுப்பி அபிஷேகம் செய்யச் சொன்னேன். வேனுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டேன், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். எல்லாம் செய்தேன். வண்டியை ஓட்டியவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முருகன் காப்பாற்றியது உண்மை. இன்றைக்கும் அதை நம்புகிறேன். எதிலிருந்து காப்பாற்றினார் என்பதைத்தான் மறைத்துவிட்டேன். என்னை உன்னிடமிருந்து காப்பாற்றினார், கண்ணு.

அப்படி மறைத்ததன் பலனை ஒரு வாரத்தில் என் காதாலேயே கேட்டேன். கட்டுப்போட்ட கையோடு மொட்டைமாடியில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே கேட்டுக்குப் பக்கத்தில் நீயும் பிரவீனும் உன் இன்னொரு சிநேகிதன் நவீனிடம் பாதயாத்திரைக் கதை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "லாரிக்காரன் வழியே உடல. லெஃப்ட்டுல மண்ணுல எறக்கி எடுத்தேன் பாரு ஒரு எடு!" என்றாய் நீ. "நாந்தான்டா திரும்பிப் பாத்தேன்" என்றான் பிரவீன், "ரெண்டு பச்சச் சேலை பறந்து போயி முள்ளுக்குள்ள உழுந்துச்சு. சாமி வந்துருச்சாட்டன்னு நெனச்சேன்." மூன்று பேரும் சிரித்தீர்கள். நவீன்தான் சிரிப்பை நிறுத்திவிட்டு, "டேய், மேல பட்டிருந்தா?" என்று கேட்டான். அதற்கு நீ சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "எங்கம்மா முருகனுக்கு நேந்து உட்ட வண்டிடா இது. ஒண்ணும் ஆவாது."

அந்த வார்த்தையை உனக்குக் கொடுத்தது நான்தான். தெய்வத்தின் பெயரை நான் உன் கையில் இன்ஷூரன்ஸ் மாதிரிக் கொடுத்துவைத்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் காகிதத்தின் தலையில் அதை எழுதக் கை வரவில்லை. பச்சைச் சேலை முள்ளில் விழுந்த கதையும் அதே சாயங்காலம் அம்மா கை உடைந்துவந்த கதையும் உன் மனதுக்குள் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லையா? இல்லை, சந்தித்தும் நீ பேசாமல் இருந்துவிட்டாயா? எது என்று நினைத்தாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நான் எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவள். தறிக்கணக்கு, பனியன் கணக்கு எல்லாம் நானாகப் பார்த்துப் பார்த்துப் படித்ததுதான். இதையும் அப்படித்தான் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன். தைக்கு அப்புறம் பேப்பர் வந்ததும் நான் முதலில் பார்ப்பது விபத்துச் செய்திகளைத்தான். பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் வயதைப் பார்ப்பேன். உன் வயதுதான், கண்ணு, திரும்பத் திரும்ப உன் வயதுதான். 'நண்பர்களுடன் சென்றபோது' என்று இருக்கும். தெருமுனையில் நின்று உன் வயதுப் பையன்கள் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குக் கையும் காலும் நன்றாகவே வேலை செய்கின்றன. எங்களைவிட வேகமாகக்கூட. ஆனால் நிற்கிற பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஒரு ஆள் இறங்கி ஓடி வரலாம், லாரியின் இடது பக்கம் ஒரு பொம்பளை நடந்துகொண்டிருக்கலாம் என்று முன்கூட்டியே நினைக்கிற புத்தி வண்டியோடு வருவதில்லை. அது ஓட்டி ஓட்டி, நாள்பட வருவது. அது வருவதற்கு முன்னால் தைரியம் வந்துவிடுகிறது. ஒன்றும் ஆகாமல் தப்பிய ஒவ்வொரு தடவையும் அந்தத் தைரியம் இன்னும் கொஞ்சம் வளர்கிறது. கூட ஏறுகிற ஒவ்வொரு சிநேகிதனும் அதை ஊதிவிடுகிறான். அவன் கெட்டவன் இல்லை. பிரவீன் நல்ல பையன், என் புளிச்சோற்றைப் புகழ்கிறவன். அவன் உள்ளே இருக்கும்போது நீ அவனுக்காக ஓட்டுகிறாய், ரோட்டுக்காக ஓட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இன்று மத்தியானம் நீ காலேஜில் இருக்கும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஏனுங்க, ஒரு நிமிசம் உள்ள வாங்க" என்று கூப்பிட்டுச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "நீ உழுந்த பதட்டத்துல எவனையோ பாத்துட்டுச் சொல்றே புள்ள" என்றார். மொட்டைமாடியில் கேட்டதையும் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. "சரி உடு, சின்னப் பையன்" என்றார். "சின்னப் பையனுக்கு எதுக்குங்க வால்பாறைக்கு வண்டி?" என்றேன். அவர் வெளியே போய், வேனின் இடது பக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். அதை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். லாரியை ஒதுங்கச் சொல்லி ஹார்ன் அடித்துக்கொண்டே நெருக்குவதை நீ யாரைப் பார்த்துப் படித்தாய் என்று அவருக்குத் தெரியும். நான் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்தபோது சாவி அவர் கையில் இருந்தது. நேராகப் பூஜை அலமாரிக்குப் போய் முருகன் படத்துக்கு முன்னால் வைக்கப் போனார். "அங்க வெக்காதீங்க. எங்கையில குடுங்க" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கொடுத்தார்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை வேன் வராது. பொள்ளாச்சி போய் அங்கிருந்து பஸ்ஸில் போங்கள், ஐந்து பேருக்கும் நானே சோறு கட்டித் தருகிறேன். கோபம் வரும். சிநேகிதர்கள் முன்னால் அவமானம் என்பாய். இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. வேண்டுமானால் அவர்களிடமும் காட்டு. முள்ளில் விழுந்த பச்சைச் சேலை யார் என்று பிரவீனும் தெரிந்துகொள்ளட்டும். இனிமேல் நீ ஓட்டும்போது நானோ அப்பாவோ பக்கத்தில் இருப்போம், வேறு யாரும் ஏறக் கூடாது. எத்தனை மாதம் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. என் பயம் குறைவதை வைத்துத்தான் சொல்ல முடியும். அப்பாவும் தன் ஹார்னை விட்டுவிடுகிறேன் என்றிருக்கிறார். நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்றைக்கு என் கையைப் பிடித்து இழுத்தவள் சுமதி. அவள் முழங்காலில் முள் குத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. யார் செய்தது என்று தெரியாமலேயே அவள் தினமும் உன்னை "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குச் சொல்ல வேண்டும். நாளைக் காலையில் அவள் வாசல் தெளிக்க வெளியே வரும்போது நான் நம் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பேன். உன்னை எழுப்பமாட்டேன். நீயாக எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றால் சேர்ந்து போவோம், சொல்ல வேண்டியதை நீயே சொல். வராவிட்டால் நான் மட்டும் போவேன். நம் வண்டி என்று சொல்லமாட்டேன் சாமி. அவளிடம், "அது எம் பையன்" என்று சொல்வேன்.

அம்மா